மின்சூள் ஆக்குவோர்க்கு: ஒளிகாலியும் தெறிகிண்ணமும்

இருளில் வழிநடப்போர் ஓலையைக் கட்டிக் கொளுத்திப் பிடிக்கும் பந்தத்துக்குச் சூள் என்பது பெயர். அப்பழஞ் சொல்லின் முன்னே மின் என்பதைச் சேர்த்து மின்சூள் என்று நம் நாட்டுப் பாடநூலார் வழங்கினர். நல்ல ஆக்கம், ஆயினும் ஊரார் வாயில் ரோச் என்பதே நிலைத்துவிட்டது. இக்கட்டுரையில் மின்சூள் என்றே எழுதுவாம். வாசிப்போர் ரோச் என்று வாசித்துக்கொள்ளினும் எமக்கு வருத்தமில்லை.

தமிழ் கற்பிப்போர்க்கு மின்சூளில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். கல்லூரியிற் பின்னேரங்களில் நடைபெறும் கைப்பணிக் கழகத்தின் மேற்பார்வை சில ஆண்டுகளாக எம்மைச் சார்ந்தது. அங்கே உயர்தர வகுப்பு மாணவர் தம் கையாலேயே சிறு மின்சூள்கள் பொருத்துகின்றனர். வெறும் உடலை வாங்கி வந்து, உள்ளே ஒளி தரும் உறுப்பையும் கிண்ணத்தையும் தாமே தெரிந்து வைக்கின்றனர். எதை வைப்பது என்பதே அவர்கள் ஓயாது கேட்கும் கேள்வி. பௌதிகம் கற்பிக்கும் நண்பரோடு அமர்ந்து கற்றவற்றையும், மாணவர் செய்து கண்டவற்றையும் இங்கே தொகுத்து உரைக்கின்றோம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு வரும் அன்பர்கள் தம் உறவினர்க்குக் கொணரும் மின்சூட் பெட்டிகளில் இத்தனை ஆயிரம் இலூமன் என்று கொட்டை எழுத்திற் பொறித்திருக்கும். இலூமன் என்பது விளக்கினின்றும் வெளிப்படும் ஒளியின் மொத்த அளவு, அவ்வளவே. அவ்வொளி எங்கே விழுகின்றது என்பதை அது சொல்லாது. ஒரு குடம் நீரைத் தோட்டம் முழுவதுந் தெளித்தலும், ஒரு கன்றின் அடியில் ஊற்றுதலும் அளவால் ஒன்றே, பயனால் வேறு. ஒரு திசையில் ஒளி எத்துணைச் செறிந்து செல்கின்றது என்பதைக் கண்டெலா என்னும் அலகால் அளப்பர். சிறு மின்சூள் ஆக்குவோன் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

மின்சூளின் வரலாறு நெடியதன்று. நியூ யோர்க்கில் வாழ்ந்த டேவிட் மிசெல் என்பார் உலர் மின்கலங்களைக் குழாயொன்றில் அடுக்கி முன்னே சிறு குமிழ் வைத்த விளக்குக்கு 1899 இல் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றார். அக்காலத்து மின்கலங்கள் நெடுநேரம் ஓட்டந் தரமாட்டா. சற்றே மின்னி அணைத்தல் வேண்டும். ஆதலின் மின்னும் விளக்கு என்னும் பொருளிலேயே அமெரிக்கர் அதற்குப் பெயரிட்டனர். அன்று தொட்டு நூறாண்டு வரையில் இழைக்குமிழே ஆட்சி செய்தது. 1962 இல் நிக் ஹோலொன்யாக் செந்நிற ஒளி தரும் குறைகடத்தி இருவாயியைச் செய்து காட்டினார். 1990களில் யப்பானியர் பிரகாசமான நீல ஒளியைப் பெற்ற பின்னரே வெள்ளொளி கைகூடியது. அதற்காக அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவர்க்கும் 2014 இற் பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வுறுப்பை நம் பாடநூல்கள் ஒளிகாலும் இருவாயி என்கின்றன, கடையில் எல்.ஈ.டி. என்று கேட்டாற் கிடைக்கும். காலுதல் என்பது உமிழ்தல். நாம் சுருக்கமாக ஒளிகாலி என்போம். வெறுமனே காலி என்றால் மாணவர் சிரிக்கின்றனர். அதன் நடுவில் நீல ஒளி தரும் சிறு சில்லு உண்டு. மேலே மஞ்சட் பூச்சு. நீலத்தின் ஒரு பகுதி பூச்சிற் பட்டு மஞ்சளாய் மாற, எஞ்சிய நீலமும் அம்மஞ்சளுங் கலந்து வெள்ளையாய்த் தோன்றும்.

தெறிப்பான் எனப்படுவது கிண்ண வடிவினது. அதன் வளைவு பரவளைவு. குவியத்தில் ஒரு புள்ளி ஒளியை வைத்தால் சுவரிற் பட்ட கதிர்களெல்லாம் ஒன்றுக்கொன்று சமாந்தரமாய் வெளிச்செல்லும் என்பது கேத்திரகணிதம். கிறித்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த கிரேக்கர் டயோக்கிளிஸ் எரிக்கும் ஆடிகளைப் பற்றி எழுதிய நூலிலேயே இவ்வியல்பு ஆராயப்பட்டுள்ளது. ஆயின், ஒளிகாலி புள்ளியன்று. அதற்கு நீள அகலம் உண்டு. மின்சூளின் குணமும் குற்றமும் பெரும்பாலும் அந்த நீள அகலத்திலிருந்தே பிறக்கின்றன.

சட்டியில் உள்ளதுதான் அகப்பையில் வரும் என்பர். ஒளிகாலியின் மேற்பரப்பு எவ்வளவு செறிவாய் ஒளிர்கின்றதோ அதனினும் செறிவான ஒளியை எக்கிண்ணமும் ஆக்கித் தரமாட்டாது. தூரத்தே நின்று மின்சூளை நோக்குவோனுக்குக் கிண்ணம் முழுவதும் ஒளிகாலியின் மேற்பரப்பைப் போலவே ஒளிர்ந்து தோன்றும். எனவே, நடுக்கற்றையின் கண்டெலா அளவு இரண்டே பொருள்களைப் பற்றி நிற்கும். ஒன்று, ஒளிகாலியின் ஒரு சதுர மில்லிமீற்றரிலிருந்து முன்னோக்கி வரும் ஒளிச்செறிவு. மற்றது, முன்னிருந்து பார்க்கையிற் கிண்ணத்தின் பரப்பு. சட்டைப்பையில் அடங்கும் மின்சூளிற் கிண்ணத்தின் அகலம் ஏறக்குறைய 20 மில்லிமீற்றரோடு நின்றுவிடும். ஆகவே, பை அளவைக் கட்டுப்படுத்தியபின் தூரத்தைத் தீர்மானிப்பது ஒளிகாலியே.

கணக்கிட்டுப் பார்ப்போம். மூடியில்லாத தட்டை ஒளிகாலி இரண்டு. ஒன்றின் பரப்பு 1 சதுர மில்லிமீற்றர், மற்றதன் பரப்பு 4. இரண்டும் 300 இலூமன் தருவன. இலூமனைப் பரப்பாலும் பையாலும் வகுத்தால், முன்னதன் செறிவு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 95 கண்டெலா. பின்னதன் செறிவு ஏறத்தாழ 24. கிண்ணத்தின் அகலம் 20 மில்லிமீற்றர் எனின் முகப்பரப்பு 314 சதுர மில்லிமீற்றர். அடியிலுள்ள 8 மில்லிமீற்றர்த் துளைக்கு 50 கழிய 264. கிண்ணச் சுவரும் முன்கண்ணாடியும் விழுங்குவதற்கு ஐந்திலொரு பங்கு தள்ளினால் 211. இனிப் பெருக்குக. சிறிய ஒளிகாலிக்குக் கிட்டத்தட்ட 20,000 கண்டெலா, பெரியதற்கு 5,000.

இதனைத் தூரமாக மாற்றுதற்கு அமெரிக்கர் 2009 இல் வகுத்த நியமம் ஒன்று உண்டு. ஒளி 0.25 லக்சு ஆகக் குறையும் இடமே கற்றையின் எல்லை. அது ஏறக்குறையப் பூரணை நிலவின் ஒளி. கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரட்டித்தால் அத்தூரம் மீற்றரில் வரும். சிறியதற்கு 280 மீற்றர், பெரியதற்கு 140. மொத்த ஒளி ஒன்றாயிருந்தும் தூரம் இரண்டு மடங்கு வேறுபடுதல் காண்க. இன்னொன்றையும் கவனித்தல் தகும். இலூமனை இரட்டித்தால் தூரம் இரட்டியாது. ஒன்றேகாலுக்கு மேல், ஒன்றரைக்குக் கீழே நிற்கும். நிலவொளியளவு வெளிச்சத்தில் மாடு நிற்பது தெரியுமேயன்றி யாருடைய மாடு என்பது தெரியாது. அதனை அறியப் பாதித் தூரத்துக்குள் வருதல் வேண்டும். அங்கே வெளிச்சம் நான்கு மடங்கு.

இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதியவுடன் மாணவரெல்லாரும் மிகச் சிறிய ஒளிகாலியையே நாடுவர். எல்லை கடந்து எறிவதில் இளைஞர்க்குள்ள ஆவல் கிரிக்கெற் பந்தோடு நிற்பதில்லை. ஒஸ்ராம் நிறுவனத்தார் செய்யும் 1 சதுர மில்லிமீற்றர்த் தட்டை ஒளிகாலி இதற்குப் பேர்போனது. கழகத்து மாணவன் ஒருவன் அதனை வாங்கி, ஒப்பமான ஆழ்கிண்ணத்தில் வைத்துத் தன் தந்தைக்குக் கொடுத்தான். தந்தையார் விடியுமுன்னே எழுந்து இறைப்புக்குத் தோட்டஞ் செல்பவர். மூன்றாம் நாள் அவர் அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பனை வட்டில் இருக்கிற காகம் தெரியுது தம்பி, வரம்பில கிடக்கிறது தெரியேல்லை" என்பது அவர் தீர்ப்பு. எம் நூலறிவு முழுவதையும் அவ்வொரு வாக்கியம் சமன் செய்துவிட்டது.

வரம்பிற் கிடப்பது எது? பெரும்பாலும் சருகு, சிலவேளை புடையன். புடையன் பழுப்பு உடலிற் கபில நிறப் புள்ளிகளோடு சருகோடு சருகாய்க் கிடக்கும். மிதித்தவனே அறிவான். ஆதலின் வழிநடைக்கு வேண்டுவது நெடுந்தூரம் அன்று. காலடியிலிருந்து பதினைந்து இருபது மீற்றர் வரையில் ஒரு சீரான வெளிச்சம். பழுப்பையும் கபிலத்தையும் வேறு பிரித்துக் காட்டும் வெளிச்சம். இதற்கு 100 இலூமன் போதும். மிகு வெளிச்சம் காலடி மண்ணிற் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச்செய்து, அப்பாலுள்ள இருளை இன்னும் இருளாக்கும்.

நிறத்தின்கண் இரண்டு அளவுகளை அறிதல் வேண்டும். ஒன்று, கெல்வினிற் குறிக்கப்படும் நிறவெப்பநிலை. 2,700 என்பது பழைய இழைக்குமிழின் மஞ்சள் ஒளி. 4,000 இடைப்பட்ட வெண்மை. 6,500 நீலம் பாரித்த வெண்மை. எண் கூடக் குளிர்ச்சி என்றும், குறையச் சூடு என்றும் பேசுவது வழக்கம். தருக்கத்துக்கு மாறாயினும் வழக்கு வென்றுவிட்டது. மற்றது, நிறங்களை எவ்வளவு உண்மையாய்க் காட்டும் என்னும் சுட்டி. ஞாயிற்றொளிக்கு 100. மலிவான ஒளிகாலிக்கு 70 அளவு. நல்லனவற்றுக்கு 90 அல்லது அதற்கு மேல். நீலச் சில்லின் மேல் மஞ்சட் பூச்சு மட்டும் பூசிய ஒளிகாலியில் ஆழ்ந்த செம்மை மெலிந்திருக்கும். அதன் கீழே செம்மண் சாம்பலாய்த் தோன்றும். புண்ணின் இரத்தம் கறுத்திருக்கும். பழுப்பு அனைத்தும் ஒரே பழுப்பாகிவிடும். மேற்கூறிய சுட்டியோ எட்டு மெல்லிய நிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அதிற் சேராது. அதனை ஆர்9 என்று தனியே குறிப்பர். வாங்குவோர் அவ்வெண்ணையும் பார்த்து வாங்குதல் நன்று. நிச்சியா நிறுவனத்தாரின் 519ஏ என்னும் ஒளிகாலி இவ்வகையில் மாணவர்க்கு நன்கு பயன்பட்டது. 4,000 கெல்வினை அடுத்த நிறத்தில் அதனை வைத்தோம். தூரம் குறைந்தது, தோட்டத்துத் தந்தையார் அதனைத் திருப்பித் தரவில்லை.

பெரும்பாலான ஒளிகாலிகளின் மேல் ஒளி புகவிடும் குமிழ் மூடி ஒன்று உண்டு. சில்லினுள்ளே சிறைப்படும் ஒளியை வெளிக்கொணர்வது அதன் தொழில். ஆயின், அது உருப்பெருக்கும் வில்லையாகவும் நிற்பதால் சில்லு அகலத்தில் ஒன்றரை மடங்காய், பரப்பில் இரண்டேகால் மடங்காய்த் தோன்றும். சில்லு பெரிதாய்த் தோன்றினாற் செறிவு குறையும் என்பது முன்னரே கண்டோம். அதனாற் சிலர் கூரிய அலகால் மூடியை அகற்றிவிடுகின்றனர். மொத்த ஒளி சிறிது குறையும், செறிவு கூடும், நிறமும் மஞ்சட் பக்கமாய்ச் சாயும். பழகிய கைக்கன்றி இவ்வேலை கூடாது. சில்லிலிருந்து செல்லும் மயிரிழைக் கம்பி அறுந்தால் ஒளிகாலி வெறுங் காலியே.

இனிக் கிண்ணம். அகலம் பைக்கு அடங்கியது, எஞ்சுவது ஆழம். 20 மில்லிமீற்றர் அகலமுள்ள கிண்ணங்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். குவியத் தூரம் ஒன்றில் 2 மில்லிமீற்றர், மற்றதில் 1.5. ஒளிகாலியின் மட்டத்திலிருந்து விளிம்பு வரையில் உயரம் முன்னதற்கு 10.5 மில்லிமீற்றர், பின்னதற்கு ஏறத்தாழ 15. ஒளிகாலி அரைக்கோளமாய் ஒளியைச் சொரிவது. அதில் ஒரு பங்கு சுவரிற் படாமலே வாய்வழி வெளியேறிவிடும். அதுவே கற்றையைச் சூழ்ந்து விழும் அகன்ற மங்கல் வட்டம். ஆழங்குறைந்த கிண்ணத்தில் ஒளியின் 48 வீதம் இவ்வாறு செல்லும். ஆழ்கிண்ணத்தில் 30 வீதமே.

இதனை இழப்பு என்று எண்ணுவது பிழை. மின்சூளை நிலத்துக்கு ஒரு மீற்றர் உயரத்தில் நேரே முன்னோக்கிப் பிடித்து நடப்போமாயின், ஆழங்குறைந்த கிண்ணத்தின் மங்கல் வட்டம் நம் முன்னே ஒரு மீற்றரில் நிலத்தைத் தொடும்; ஆழ்கிண்ணத்தினது ஒன்றரை மீற்றரில் தொடும். அவ்வரை மீற்றரில் அடுத்த அடி விழும். தோட்டத்துக்காரர் குறைப்பட்டது இதனையே. மாறாகக் களப்புக் கரையில் நின்று தோணியைத் தேடுவோனுக்குக் காலடி வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் பகை. அவனுக்கு ஆழ்கிண்ணமே உரியது.

அடித்துளையையும் மறத்தலாகாது. குவியத்தின் மட்டத்திற் கிண்ணத்தின் குறுக்களவு குவியத் தூரத்தின் நான்கு மடங்கு. முற்கூறிய இரண்டுக்கும் முறையே 8, 6 மில்லிமீற்றர். 3.5 மில்லிமீற்றர்ச் சதுரமான ஒளிகாலியின் மூலைவிட்டம் 5 மில்லிமீற்றர், இரண்டிலும் நுழையும். 7 மில்லிமீற்றர்ச் சதுரமான பேரொளிகாலியின் மூலைவிட்டமோ 9.9, இரண்டிலும் நுழையாது. துளையை அகட்டி நுழைத்தாற் குவியத்தை அடுத்த சுவரே பறிபோகும். ஆயிரக்கணக்கான இலூமன் எழுதிய சிறு மின்சூள்கள் பல, தூரம் எறியாமல் முற்றத்தை மட்டும் நிரப்புவதன் காரணம் இதுவும் ஒன்று.

கிண்ணத்தின் உட்சுவர் கண்ணாடிபோல ஒப்பமாகவோ, தோடம்பழத் தோல்போலப் பொருபொருத்தோ இருக்கும். ஒப்பமானது நடுப்பொட்டைக் கூர்மையாக்கும். ஆயின், சில்லின் குறைகளையும் ஒளிக்காது காட்டும். நடுவில் வெண்மை, சுற்றிலும் மஞ்சள் வளையம், சிலவேளை பச்சைச் சாயல். தோடந்தோற் சுவர் அவற்றையெல்லாம் குழைத்து ஒன்றாக்கும். பொட்டின் ஓரம் மெல்லக் கரைந்து மங்கலோடு சேரும். தூரத்திற் சிறிது போய்விடும். வழிநடைக்குத் தோடந்தோலையே நாம் விரும்புகின்றோம். சுவரில் அடித்து அழகு பார்ப்போரும் அதனையே விரும்புவர் என்பது வேறு கதை. கிண்ணத்துக்குப் பதிலாக முழு அகத்தெறிப்பினால் இயங்கும் பிளாத்திக்கு வில்லைகளும் உண்டு. சொரியும் ஒளி பெரும்பாலும் முழுவதையும் அவை வயப்படுத்தும். குறுகிய தலைக்குள் அடங்கும். அருகில் வேலை செய்வோர்க்கு ஏற்றவை.

மின்கலம் பற்றிச் சிறிது. 18650 என்னும் எண் 18 மில்லிமீற்றர்க் குறுக்களவையும் 65 மில்லிமீற்றர் நீளத்தையும் குறிக்கும். இலித்தியம் அயன் மின்கலம் நிறைந்திருக்கையில் 4.2 உவோற்று, வெள்ளை ஒளிகாலிக்கு வேண்டுவது ஏறத்தாழ 3. ஆதலின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சுற்று இடையில் இன்றியமையாதது. 14500 என்னும் இலித்தியக் கலம் சுவர்க் கடிகாரத்தில் இடும் 1.5 உவோற்றுக் கலத்தின் அளவே ஆயினும் அழுத்தம் இரண்டரை மடங்குக்கு மேல். வீட்டில் இரண்டையும் ஒரே பெட்டியில் இட்டு வைத்தல் ஆகாது. ஒளிகாலியை ஒட்டும் தட்டு செம்பினாலாயதாயும், அது உடலோடு நன்கு பொருந்தியதாயும் இருக்க வேண்டும். வெப்பம் வெளியேற வழியின்றேல் ஒளி நிமிடத்துக்கு நிமிடம் குன்றும்.

பொருத்தும்போது வழுவுவது பெரும்பாலும் ஒளிகாலிக்கும் கிண்ணத்துக்கும் இடையில் இடும் வெண்ணிற வளையத்தினால். அலுமினியக் கிண்ணத்தின் அடி பற்றாசு வைத்த முனைகளைத் தொட்டுக் குறுஞ்சுற்றாகாமற் காப்பதும், ஒளிகாலியை நடுவிலும் குவியத்திலும் நிறுத்துவதும் அதன் வேலை. பொருத்தியபின் இருட்டறையிற் சுவருக்கு ஐந்து மீற்றர் தள்ளி நின்று பார்க்க. ஒளிகாலியைக் கண்ணால் நேரே நோக்கலாகாது. பொட்டு ஒருபக்கஞ் சரிந்தால் ஒளிகாலி நடுவில் இல்லை. நடுவே உழுந்துவடைத் துளைபோற் கருநிழல் தோன்றினால் ஒளிகாலி குவியத்தில் இல்லை. முதலில் வளையத்தை மண்தாளில் வைத்து மயிரளவு தேய்த்துப் பார்க்க. தேய்க்கத் துளை பெரிதாகுமாயின் மறுதிசையிற் சென்றுவிட்டோம் என்பது தெளிவு. தபாலட்டையில் ஒரு வளையம் வெட்டி அடியிலிட, அது சரியாகும்.